முதலில் சாயம், பிறகு சக்கை: தாவரக் கழிவால் சாயநீரின் நிறம் நீக்கும் முறை

ஏற்காட்டுக் காப்பித் தோல், ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளித் தோல், தென்னை நார்த்தூள், நிலக்கடலை ஓடு ஆகிய எல்லாமே சாயநீரிலிருந்து நிறத்தைப் பிடித்து இழுக்கும். ஆனால் எல்லாச் சாயத்தையும் இழுக்காது. இதை மறந்து வேலையைத் தொடங்குவதால்தான் புதிதாக வருபவர்கள் பாதி வழியில் திகைத்து நிற்கிறார்கள். கையில் எளிதாகக் கிடைத்த சக்கையை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அது எந்தச் சாயத்தைப் பிடிக்கும் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. வரிசை தலைகீழ்.

கல்லூரி ஆய்வகத்தில் இறுதியாண்டு ஆய்வு செய்பவர்களுக்கும், சிறிய அளவில் முயன்று பார்க்க விரும்பும் சாயப்பட்டறைக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இந்த முறை நிறத்தை எடுக்கும். சாயத்தொட்டியில் போட்ட உப்பை எடுக்காது. நிறம் போன நீரைத் திருமணிமுத்தாற்றில் விடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். வெளியேற்றத்துக்கான நிபந்தனைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியில் இருக்கின்றன. நிறம் அதில் ஒரு பகுதி மட்டுமே.

1. சாயத்தின் குடும்பத்தைக் கண்டுபிடியுங்கள்

தாவரச் சக்கையில் பெரும்பகுதி செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். இவற்றின் மேற்பரப்பில் கார்பாக்சில், ஹைட்ராக்சில், பீனால் தொகுதிகள் நிறைந்திருக்கும். நீரின் அமிலத்தன்மை குறையக் குறைய இந்தத் தொகுதிகள் புரோட்டானை இழந்து எதிர்மின் சுமை பெறும். அதனால் நேர்மின் சுமை உள்ள சாயம் தானாக வந்து ஒட்டும். எதிர்மின் சுமை உள்ள சாயம் விலகி நிற்கும். இதைத்தான் பாடநூல்கள் பரப்பு கவர்தல் என்ற தலைப்பில் விளக்குகின்றன.

மெத்திலீன் நீலம், மலக்கைட் பச்சை, கிரிஸ்டல் வயலட் ஆகியவை நேர்மின் சாயங்கள். ஆய்வகத்தில் பெரும்பாலோர் இவற்றையே எடுக்கிறார்கள். கழுவிக் காய்ந்த எந்தச் சக்கையைப் போட்டாலும் ஓரளவு நல்ல விடை கிடைத்துவிடுவதுதான் காரணம்.

பட்டறையில் நிலைமை வேறு. பருத்தி நூலுக்கு ரியாக்டிவ் சாயமும் டைரக்ட் சாயமும், பட்டுக்கு ஆசிட் சாயமும் போடுகிறார்கள். இவை சல்போனேட் தொகுதி கொண்டவை, எதிர்மின் சுமை உள்ளவை. மெத்திலீன் நீலத்தில் தொண்ணூறு விழுக்காடு காட்டிய அதே தூள், ரியாக்டிவ் கறுப்பில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதையும் காட்டாமல் போகலாம். தூளில் குறையில்லை, சுமை பொருந்தவில்லை.

வாட் சாயம் மூன்றாவது வகை. காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் அது நீரில் கரையாத துகளாகிவிடும். அதைப் படிகாரம் போன்றவற்றால் திரட்டிப் படியவைப்பதே எளிது. சக்கையை அதற்காக வீணாக்க வேண்டாம்.

சாயக்கடையில் வழங்கும் பெயரை நம்பித் தேடாதீர்கள். ‘பிளாக் பி’ என்ற பெயரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. டப்பாவின் மேல் ‘சி.ஐ. ரியாக்டிவ் பிளாக் 5’ என்பது போன்ற கலர் இண்டெக்ஸ் (சாயங்களின் பன்னாட்டுப் பட்டியல்) பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விற்றவரிடம் அந்தச் சாயத்தின் விவரத்தாளைக் கேளுங்கள்.

அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு சிறு சோதனை போதும். மாதிரி நீரை நன்றாக நீர்த்து இரண்டு குழாய்களில் ஊற்றுங்கள். ஒன்றை நடுநிலையிலும் மற்றொன்றைப் பி.எச். 2 அளவிலும் வையுங்கள். இரண்டிலும் கழுவிய நார்த்தூளை ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கி, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். நடுநிலையில் வெளுத்தால் பெரும்பாலும் நேர்மின் சாயம். அமிலத்தில் மட்டும் வெளுத்தால் எதிர்மின் சாயம். தூள் போடாமல் அமிலம் மட்டும் சேர்த்த மூன்றாவது குழாயையும் பக்கத்தில் வையுங்கள். சில சாயங்கள் அமிலம் பட்டாலே நிறம் மாறும்.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

நான்கு தசமம் காட்டும் தராசு, பி.எச். மானி, கரைசலின் நிறத்தை அளக்கும் நிறமாலை ஒளிமானி, சுழல் குலுக்கி, மைய விலக்கி, 60 முதல் 105 டிகிரி வரை வைக்கக்கூடிய உலர்அடுப்பு, சல்லடைத் தொகுப்பு, காய்ச்சி வடித்த நீர். அமிலமும் காரமும் 0.1 மோலார் அளவில் தயாராக இருக்கட்டும். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, தூள் அரைக்கும்போது முகக்கவசம் ஆகியவை கட்டாயம். காங்கோ சிவப்பு போன்ற பென்சிடின் வழிச் சாயங்கள் புற்றுநோய் ஆபத்து உள்ளவை. பழைய ஆய்வுகளில் இருக்கின்றன என்பதற்காக மாணவர்கள் கையில் அவற்றைக் கொடுக்காதீர்கள்.

சமையல் மிக்சியை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தால் அது திரும்ப வீட்டுக்குப் போகக்கூடாது.

ஒளிமானி இல்லாத பள்ளிகள், தெரிந்த அளவுகளில் சாயக் கரைசல்களைச் சோதனைக் குழாய்களில் வரிசையாக வைத்து, வெள்ளைத் தாளின் முன் கண்ணால் ஒப்பிடலாம். கைப்பேசிப் படத்தை வைத்து அளக்காதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் கருவி தானாகவே வெளிச்சத்தைத் திருத்திக்கொள்ளும்.

3. சக்கையைத் தேர்ந்தெடுத்தல்

விலை குறைவு என்று சொல்வதற்கு முன் விலையை விசாரியுங்கள். சேலம் ஜவ்வரிசி ஆலைகளில் மாவு எடுத்தபின் மிஞ்சும் மரவள்ளிச் சக்கையான திப்பி வீணாகக் கிடப்பதில்லை. மாட்டுத் தீவனத்துக்கு விற்கிறது. வேறு பயன் உள்ள பொருளை எடுத்துச் சாயத்தில் நனைத்துக் கெடுப்பதில் என்ன சிக்கனம்? மேலும் திப்பியில் மிஞ்சியிருக்கும் மாவுச்சத்து நீரில் கொழகொழத்து வடிகட்டியை அடைக்கும், இரண்டாம் நாளே புளிக்கும். மரவள்ளியின் தோல் அதைவிட மேல். வெளித்தோலில் நார் அதிகம், மாவு குறைவு.

ஏற்காட்டில் காப்பி அறுவடை பனிக்காலத்தை ஒட்டி நடக்கும். அப்போது பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் இயந்திரத்தின் அருகில் குவியும் ஈரப் பழத்தோலில் சர்க்கரையும் துவர்ப்புப் பொருளான டானினும் மிகுதி. அன்றே உலர்த்தாவிட்டால் அழுகிவிடும். கொட்டையின் மேலிருந்து உரியும் உலர்ந்த பார்ச்மென்ட் தோல் கையாள எளிது, கழுவவும் எளிது. புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

உணவு விடுதிகளில் கிடைக்கும் காப்பிச் சக்கையைப் பலர் விரும்பி எடுக்கிறார்கள். அது காப்பி மட்டுமல்ல, சிக்கரியும் கலந்தது. கலப்பு விகிதம் விடுதிக்கு விடுதி மாறும். எண்ணெய்ப் பசையும் உண்டு; நாளானால் சிக்குவாடை அடிக்கும். அதை எடுப்பதானால் ஒரே இடத்தில், ஒரே தூளில் வடித்ததை மட்டும் எடுத்து, அதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

தென்னை நார்த்தூள் நல்ல பொருள். ஆனால் தேங்காய் மட்டை ஊறிய நீரைப் பொறுத்து அதில் உப்பு இருக்கும். மக்காச்சோளத்தின் மணி உதிர்த்த தக்கை, நிலக்கடலை ஓடு, புளியம்பழ ஓடு ஆகியவை வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கம் எளிதாகக் கிடைக்கும். மரத்தூள் எடுப்பவர்கள் ஒரே மரத்தின் தூளா என்று கேட்டு வாங்குங்கள். அறுவை ஆலையில் சில்வர் ஓக்கும் தேக்கும் ஒன்றாகத்தான் கிடக்கும்.

எதை எடுத்தாலும் ஆய்வு முழுவதற்கும் போதுமான அளவை ஒரே தவணையில் எடுங்கள். பாதியில் தீர்ந்து, அடுத்த பருவத்துச் சக்கையைச் சேர்த்தால் முன்னே எடுத்த எண்களும் பின்னே எடுத்த எண்களும் ஒப்பிட முடியாதவையாகிவிடும்.

4. கழுவு, உலர்த்து, அரை, சலி, மறுபடி கழுவு

வரிசை முக்கியம். முதலில் முழுத் துண்டாக இருக்கும்போதே மண்ணும் தூசியும் போகக் குழாய் நீரில் கழுவுங்கள். அரைத்த பிறகு மண்ணைப் பிரிக்கவே முடியாது. நிழலிலோ இளம் வெயிலிலோ உலர்த்தி, பிறகு அரையுங்கள். ஈரத்தோடு அரைத்தால் நார் நாராக வரும், தூளாகாது.

அரைத்ததைச் சலித்து ஓர் அளவுக்குள் வரும் தூளை மட்டும் எடுங்கள். குலுக்கிச் செய்யும் சோதனைக்கு 150 முதல் 300 மைக்ரான் வரை சரி. குழாயில் நிரப்புவதற்கு அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை கனத்த தூள் வேண்டும். மிகவும் நுண்ணிய தூள் கூடுதலாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது நீரோடு மிதந்து ஒளிமானியில் கலங்கலாகத் தெரியும்.

இனி இரண்டாம் கழுவல். பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். தாவரத் தூளிலிருந்தே டானின் முதலான பழுப்பு நிறப் பொருள்கள் கசியும். அவற்றை வெளியேற்றாமல் சோதனைக்குப் போனால், நீங்கள் சாயத்தை எடுத்துக்கொண்டிருக்கும்போதே சக்கை தன் நிறத்தை நீரில் விட்டுக்கொண்டிருக்கும். கரிமச் சுமையும் ஏறும், சி.ஓ.டி. (நீரிலுள்ள கரிம மாசை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) அளந்து பார்த்தால் முன்பிருந்ததைவிடக் கூடியிருக்கும். எனவே சூடான காய்ச்சி வடித்த நீரில், கழுவிய நீர் நிறமின்றி வரும்வரை கழுவுங்கள். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில மணி நேரம் ஊறவைத்து எடுத்தால் ஒட்டியிருக்கும் கால்சியம் முதலான அயனிகளும் போகும். அமிலம் பயன்படுத்தினால் கழுவு நீர் நடுநிலைக்கு வரும்வரை விடாதீர்கள். சோப்புத்தூள் மட்டும் கூடவே கூடாது. அது தூளின் மேலேயே ஒட்டிக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடும்.

டானினைக் கட்டிவைக்க பார்மால்டிஹைடில் ஊறவைக்கும் முறை பழைய கட்டுரைகளில் வரும். நச்சுப் பொருளைப் போட்டு நீரைத் தூய்மை செய்வது எனக்கு உடன்பாடில்லை.

உலர்த்தும்போது 60 முதல் 80 டிகிரிக்குள், எடை மாறாத நிலை வரும்வரை வையுங்கள். ஆறியதும் காற்றுப் புகாத புட்டியில் அடையுங்கள். மழைக்காலத்தில் மூடி திறந்து கிடந்த தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்புறம் 0.1 கிராம் என்று நீங்கள் எடுப்பதில் ஒரு பங்கு வெறும் தண்ணீர்.

5. மேற்பரப்புச் சுமை எங்கே மாறுகிறது?

இதை ஒரு நாள் ஒதுக்கிச் செய்துவிட்டால் பிறகு பல நாள் மிச்சம். 0.01 மோலார் சோடியம் குளோரைடு கரைசலை 50 மி.லி. வீதம் குடுவைகளில் ஊற்றி, பி.எச். 2 முதல் 11 வரை படிப்படியாக அமைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 0.15 கிராம் தூள் போட்டு, மூடி, 48 மணி நேரம் குலுக்கிய பின் மறுபடி பி.எச். அளவிடுங்கள். எந்த இடத்தில் தொடக்க அளவும் இறுதி அளவும் ஒன்றாக இருக்கிறதோ அதுதான் மேற்பரப்பில் நிகரச் சுமை இல்லாத புள்ளி.

அந்தப் புள்ளிக்கு மேலே நேர்மின் சாயம் ஒட்டும். கீழே எதிர்மின் சாயத்துக்கு வாய்ப்பு. பி.எச். சோதனையின் விடையை இதிலிருந்தே பெரும்பாலும் ஊகித்துவிடலாம். ஊகத்துக்கும் அளவுக்கும் ஒத்துவராவிட்டால் எங்கோ பிழை என்று உடனே தெரிந்துவிடும்.

6. நிறத்தை எண்ணாக்குதல்

ஒரு லிட்டருக்கு 1,000 மி.கி. சாயம் உள்ள மூலக் கரைசல் தயாரித்து, ஒளி படாத புட்டியில் வையுங்கள். புட்டியின் மேல் போட்டிருக்கும் தூய்மை விழுக்காட்டைக் கணக்கில் சேருங்கள். கடைச் சாயம் முழுக்கச் சாயமாக இருப்பதில்லை.

மெத்திலீன் நீலத்தை 664 நானோமீட்டரிலும், மலக்கைட் பச்சையை 617 அருகிலும் அளவிடுவார்கள். நூலில் உள்ள எண்ணை அப்படியே எடுக்காமல், உங்கள் கருவியில் அலைநீளங்களின் முழு வீச்சையும் ஓட்டி, உறிஞ்சலின் உச்சி எங்கே வருகிறது என்று பாருங்கள்.

தெரிந்த செறிவுகளை அளந்து அளவுகோடு வரையும்போது வரும் பெரிய தவறு, செறிவை மிகவும் ஏற்றிவிடுவது. மெத்திலீன் நீலம் லிட்டருக்கு 5 மி.கி. இருந்தாலே உறிஞ்சல் அளவு 1-ஐத் தொட்டுவிடும். செறிவு கூடினால் சாய மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து உச்சியே இடம் மாறும், கோடு வளையும். எனவே 1 முதல் 5 மி.கி. வரை கோடு போட்டு, அதற்கு மேல் உள்ள மாதிரியை நீர்த்து அளந்து பெருக்குங்கள். வளைந்த கோட்டின் மேல் நேர்க்கோட்டைப் பொருத்தி எடுத்த ஆய்வேடுகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் வரும் எண்கள் எதற்கும் உதவா.

7. வெற்றுச் சோதனைகள்

பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகும் பகுதி. ஆனால் மற்ற எல்லாப் பகுதிகளையும்விட இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்.

தூள் மட்டும், சாயம் இல்லாமல்: சக்கையிலிருந்து கசியும் நிறம் எவ்வளவு என்று தெரியும். 664-இல் அது சிறிதாக இருக்கலாம். சிவப்பு, மஞ்சள் சாயங்களை அளக்கும் குறைந்த அலைநீளங்களில் பழுப்பு நிறம் நன்றாகவே குறுக்கிடும்.

சாயம் மட்டும், தூள் இல்லாமல்: இதை ஒவ்வொரு பி.எச். அளவிலும் செய்ய வேண்டும். மலக்கைட் பச்சையும் கிரிஸ்டல் வயலட்டும் காரத்தில் தாமாகவே நிறமிழக்கும். சாயம் நீரிலேயே வேறு வடிவில் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. பி.எச். 10-இல் 99 விழுக்காடு என்று மகிழ்ந்து எழுதுபவர்களின் வரைபடத்தில் பெரும்பாலும் இந்த மாயம்தான் இருக்கும்.

மெத்திலீன் நீலத்துக்கு வேறொரு தந்திரம் உண்டு. காரநீரில், ஒடுக்கும் தன்மை கொண்ட சர்க்கரை கசியும் சக்கையோடு மூடி வைத்தால் அது ஒடுக்கம் அடைந்து நிறமற்றதாகும். குடுவையைத் திறந்து காற்றுப் படக் குலுக்குங்கள். நீலம் திரும்பி வந்தால் நீங்கள் நீக்கியது எதுவும் இல்லை. காப்பிப் பழத்தோலும் மரவள்ளிச் சக்கையும் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வடிதாள் மட்டும்: வடிதாளும் செல்லுலோஸ்தானே! மெத்திலீன் நீலத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். தூள் போடாத சாயக்கரைசலை வடிகட்டி முன்னும் பின்னும் அளந்தால் இது விளங்கும். ஆகவே மைய விலக்கியைப் பயன்படுத்துங்கள். நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 10 நிமிடம் பெரும்பாலும் போதும். வடித்தே தீர வேண்டுமென்றால் முதலில் வரும் பதினைந்து மி.லி. அளவைக் கொட்டிவிட்டு அடுத்ததை அளவிடுங்கள். ஒளிமானியில் மாதிரியை ஊற்றி வைக்கும் சிறு குவெட்டிலும் நீலம் படியும். அடிக்கடி எத்தனாலில் அலசுங்கள்.

8. குலுக்கிப் பார்த்தல்: நேரம், பி.எச்., தூள் அளவு, செறிவு

இந்த வரிசையிலேயே செய்யுங்கள். சமநிலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாமல் மற்ற எதையும் அளவிட முடியாது. அதனால் நேரம் முதலில்.

50 மி.லி. கரைசல், லிட்டருக்கு 50 மி.கி. சாயம், 0.1 கிராம் தூள், நிமிடத்துக்கு 150 சுற்று. 5, 10, 20, 30, 60, 90, 120, 180 நிமிடங்களில் எடுங்கள். ஒவ்வொரு நேரத்துக்கும் தனிக் குடுவை வையுங்கள். ஒரே குடுவையிலிருந்து திரும்பத் திரும்ப உறிஞ்சி எடுத்தால் கரைசலும் குறையும், கூடவே தூளும் போகும், கணக்குக் கெடும். முதல் அரை மணி நேரத்தில் வேகமாக இறங்கிப் பிறகு தட்டையாவதுதான் வழக்கம்.

அடுத்து பி.எச். தொடக்க அளவை அமைத்தால் போதாது. முடிவில் என்ன ஆனது என்றும் எழுதுங்கள். சக்கை தானே நீரின் பி.எச். அளவை நகர்த்தும்.

வெப்பநிலையைக் குலுக்கியில் நிலைப்படுத்துங்கள். சேலத்துச் சித்திரை மதியமும் மார்கழிக் காலையும் ஒரே ‘அறை வெப்பநிலை’ ஆகாது.

ஒவ்வொரு புள்ளியையும் மும்முறை செய்து, சராசரியோடு விலக்கத்தையும் காட்டுங்கள்.

9. விழுக்காட்டை மட்டும் நம்பாதீர்கள்

ஒரு கிராம் தூள் எத்தனை மி.கி. சாயம் பிடித்தது என்ற கொள்ளளவுதான் அடிப்படை எண். தொடக்கச் செறிவிலிருந்து இறுதிச் செறிவைக் கழித்து, லிட்டரில் உள்ள கரைசல் அளவால் பெருக்கி, தூளின் கிராம் எடையால் வகுத்தால் அது வரும்.

மேலே சொன்ன குடுவையில் 0.1 கிராம் போட்டு இறுதியில் லிட்டருக்கு 4 மி.கி. மிஞ்சினால், நீக்கம் 92 விழுக்காடு. கொள்ளளவு கிராமுக்கு 23 மி.கி. அதே குடுவையில் 0.5 கிராம் போட்டு லிட்டருக்கு 1 மி.கி. மிஞ்சினால் 98 விழுக்காடு. கொள்ளளவோ வெறும் 4.9. விழுக்காட்டை மட்டும் பார்ப்பவர் இரண்டாவதைத் தேர்வார், ஐந்து மடங்கு சக்கையைச் சுமப்பார்.

நீரில் மிஞ்சும் செறிவையும் தூள் பிடித்த அளவையும் இணைக்கும் லாங்மியர், பிராய்ண்ட்லிச் சமன்பாடுகளைப் பொருத்தும்போது நேர்க்கோடாக மாற்றாமல் வளைகோடாகவே பொருத்துங்கள். விரிதாள் மென்பொருளே இதைச் செய்யும். நேரத்தோடு பிடிப்பு எப்படி ஏறுகிறது என்று காட்டும் போலி இரண்டாம் வரிசை வேகச் சமன்பாட்டின் நேர்க்கோட்டு வடிவம் இரு அச்சிலும் நேரத்தை வைத்திருப்பதால் எதைப் போட்டாலும் அழகாகப் பொருந்தும். அந்தப் பொருத்தத்தைக் காட்டி ‘வேதிப் பிணைப்பு நிகழ்கிறது’ என்று முடிவு கட்டுவது தேர்வாளரிடம் மாட்டிக்கொள்ளும் வழி.

10. பட்டறை நீரோடு

இங்கே எல்லாம் மாறும். ரியாக்டிவ் சாயத்தொட்டியில் சமையல் உப்போ குளோபர் உப்போ (சோடியம் சல்பேட்) லிட்டருக்குப் பத்துக்கணக்கான கிராம் இருக்கும். சோடா உப்பால் பி.எச். 10-ஐத் தாண்டும். நூலில் பிடிக்காத சாயம் நீரோடு வினைபுரிந்து கரைந்து நிற்கும். எதிர்மின் சாயம், காரநீர், எதிர்மின் சக்கை என்று மூன்றும் சேர்ந்தால் ஒன்றும் ஒட்டாது. அமிலம் ஊற்றிப் பி.எச். 2-க்கு இறக்கினால் ஒட்டும். ஆனால் அவ்வளவு காரத்தைக் கொல்லும் அமிலமும், பிறகு நடுநிலையாக்கப் போடும் காரமும் உப்பாகவே நீரில் தங்கும், நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள் (டி.டி.எஸ்.) இன்னும் ஏறும். ரியாக்டிவ் சாயத்தொட்டி நீருக்கு வெறும் தாவரத்தூளை நான் பரிந்துரைப்பதில்லை.

பட்டுச் சாயநீர் ஒப்பிடும்போது ஏற்றது. ஆசிட் சாயத்தை அமிலம் சேர்த்த நீரிலேயே போடுவதால் பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது. ஆனால் பட்டுநூலின் பசை நீக்கிய சோப்புநீரை அதோடு கலக்கவிடாதீர்கள். சோப்பும் பட்டுப் பசையும் தூளின் மேல் படிந்து எல்லாவற்றையும் கெடுக்கும். அம்மாப்பேட்டையோ கொண்டலாம்பட்டியோ, எங்கே மாதிரி எடுத்தாலும் எந்தத் தொட்டி, எந்த அலசல் என்று தனித்தனியாக எடுங்கள். பொதுச் சாக்கடை வாயில் எடுத்த கலவையை வைத்து ஒன்றும் அறிய முடியாது.

பல சாயம் கலந்த நீருக்கு ஒற்றை அலைநீளம் போதாது. நீரின் நிறத்தை அளப்பதற்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 7887 முறையில் உள்ளபடி 436, 525, 620 நானோமீட்டர் மூன்றிலும் அளவிடுங்கள். ஒரு நிறம் போய் மற்றொன்று நிற்பது அப்போதுதான் தெரியும்.

இன்னொன்று நம் ஊர் நீரைப் பற்றியது. சேலத்தின் வடக்கே மேக்னசைட் வெட்டும் வெள்ளைக் குன்றுகள் இருக்கின்றன. இங்கே பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் கடினமானது. கால்சியம், மக்னீசியம் அயனிகள் நேர்மின் சுமை உள்ளவை; நேர்மின் சாயம் உட்கார வேண்டிய இடத்தில் அவை முந்திக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீரில் எடுத்த கொள்ளளவைக் கிணற்று நீரிலும் ஒருமுறை சரிபார்த்த பிறகே பட்டறைக்காரரிடம் எண் சொல்லுங்கள்.

11. எதிர்மின் சாயத்துக்குக் கரியாக்கி எடுத்தல்

ரியாக்டிவ் சாயத்துக்கு ஓரளவு பயன் தரும் வழி, சக்கையைச் செயலூட்டிய கரியாக்குவது. கழுவி உலர்த்திய தூளை எடைக்கு எடை பாஸ்பாரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்து, உலர்த்தி, மூடிய பாத்திரத்தில் 450 முதல் 500 டிகிரியில் ஒரு மணி நேரம் சூளையில் வைப்பார்கள். ஆறியதும் நடுநிலை வரும்வரை சுடுநீரில் கழுவ வேண்டும். புகைபோக்கி அறை இல்லாமல், ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். அடர் கந்தக அமிலத்தை ஊற்றிக் கரியாக்கும் குறுக்கு வழியும் வேண்டாம், சூடேறித் தெறிக்கும்.

அமிலம், மின்சாரம், கழுவு நீர் மூன்றையும் கூட்டினால் இது இனி மலிவான பொருளா என்று கணக்குப் பாருங்கள். பெரும்பாலும், சாயநீரை முதலில் படிகாரத்தாலோ சுண்ணாம்பாலோ திரட்டிப் படியவைத்து, மிஞ்சிய மெல்லிய நிறத்துக்கு மட்டும் கரியைப் பயன்படுத்துவதே கட்டுப்படியாகும்.

12. குழாயில் நிரப்புதல்

5 செ.மீ. விட்டமுள்ள குழாயில் 60 செ.மீ. உயரத்துக்குத் தூளை நிரப்பினால் அதன் கன அளவு ஏறக்குறைய 1.2 லிட்டர். நீர் இருபது நிமிடம் தங்க வேண்டுமானால் நிமிடத்துக்கு 60 மி.லி. வீதம் விட வேண்டும்.

தூளை முதல் நாள் இரவே ஊறவைத்து, குழாயில் பாதி நீர் நிற்கும்போது கரண்டி கரண்டியாக இறக்குங்கள். காய்ந்த தூளைக் கொட்டிப் பிறகு நீர் விட்டால் உள்ளே காற்று சிக்கும். நார்த்தூள் உப்பிக் குழாயையே அடைக்கும். அடியில் பஞ்சு வைக்காதீர்கள், கண்ணாடிக் கம்பளி வையுங்கள். பஞ்சும் சாயம் பிடிக்கும். நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்தினால், தூளுக்குள் நீர் ஒரே தடம் பிடித்து ஓடுவது குறையும்.

வெளிவரும் நீரின் செறிவு உள்ளே போவதில் பத்தில் ஒரு பங்கைத் தொட்டதும் நிறுத்துங்கள். அந்தக் குழாயில் 230 கிராம் தூள் பிடித்து, கிராமுக்கு 10 மி.கி. வேலை செய்கிறது என்று வைத்தால் மொத்தம் 2.3 கிராம் சாயம். லிட்டருக்கு 50 மி.கி. உள்ள நீரில் அது 46 லிட்டருக்கு வரும். குலுக்கலில் வந்த உச்சக் கொள்ளளவை இந்தக் கணக்கில் போடாதீர்கள். குழாயில் அது முழுமையாகக் கிடைக்காது.

13. சாயம் ஏறிய சக்கை

இதற்கு இடம் பார்க்காமல் முதல் குடுவையையே குலுக்கக்கூடாது. ஆயிரம் லிட்டருக்கு ஐந்து கிலோ உலர் தூள் என்றால், ஈரத்தோடு வெளியே வரும்போது அதைப்போலப் பல மடங்கு எடை இருக்கும்.

உரக்குழியில் போடாதீர்கள், ஒட்டிய சாயம் பி.எச். மாறினால் திரும்பக் கரையும். மாட்டுக்கு எட்டும் இடத்திலும் வைக்காதீர்கள். திப்பியும் சோளத்தக்கையும் பார்க்கத் தீவனம் போலவே இருக்கும். திறந்தவெளியில் எரிக்காதீர்கள். அமிலத்திலோ எத்தனாலிலோ சாயத்தைக் கழற்றித் தூளை மறுபடி பயன்படுத்தலாம். அப்போதும் கழற்றிய சாயம் சிறிய அளவு நீரில் அடர்த்தியாக நிற்கும். அதற்கும் வழி வேண்டும்.

பட்டறையில் வரும் இந்தச் சேறு 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வரும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அதற்கான புதைநிலம் இருக்கிறது. வாரியத்தின் அனுமதி பெற்றுத்தான் அனுப்ப முடியும். கல்லூரியில் என்றால் நன்றாக உலர்த்தி, இரட்டைப் பையில் கட்டி, எந்தச் சக்கை, எந்தச் சாயம், எவ்வளவு எடை, எந்தத் தேதி என்று ஒட்டி, ஆய்வகக் கழிவுப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.